ஆங்கிலம் ஏன் இத்தனை கடினமாக இருக்கிறது?

பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலப் பாடம் படித்த ஒருவர், வேலைக்கான நேர்காணலில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேச முடியாமல் நின்றுவிடுகிறார். வெளியே வந்ததும் அவருக்குச் சொல்லப்படும் காரணம், ‘கிராமர் வீக்’. ஆறுதலாகப் பேசுகிறவர்கள் வேறொன்று சொல்வார்கள்: ‘இங்கிலீஷே ஒரு கிறுக்குப் பிடித்த மொழி, அதற்கென்று ஏது விதி?’

இந்த இரண்டு பேச்சுமே பிழையானவை. முதலாவது, கற்பவரைத் தேவையில்லாமல் கூனிக் குறுக வைக்கிறது. இரண்டாவது, புரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைப் புதிராக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் சிரமங்கள் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பிடிபட்டால், எதற்கு நேரம் செலவிட வேண்டும், எதற்குக் கவலைப்படவே வேண்டாம் என்பது தெரிந்துவிடும். மொழியியல் படிக்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## யாருக்குக் கடினம்?

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடலாம், பழியெல்லாம் அதன் மேல்தான் விழுகிறது. நம் ‘வா’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தோம், வந்தீர்கள், வந்தார்கள், வந்தன. வந்தது யார் என்பதைப் பொறுத்து விகுதி மாறிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் சேர்த்து ‘கேம்’ என்ற ஒரு வடிவம் போதும். நாற்காலி ஆண்பாலா பெண்பாலா என்று இந்தியிலும் பிரெஞ்சிலும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறதே, அந்தத் தொல்லையும் ஆங்கிலத்தில் கிடையாது. வாய்பாடுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆங்கிலம் எளிய மொழிகளில் ஒன்று.

ஒரு மொழி கடினமா இல்லையா என்பது, கற்பவர் எந்த மொழியிலிருந்து கிளம்புகிறார் என்பதைப் பொறுத்தது. நெதர்லாந்துக்காரருக்கு ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடும். டச்சும் ஆங்கிலமும் ஒரே ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள், நமக்கு மலையாளம் எப்படியோ அப்படி. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பாதை நீளமானது. எதிர்த்திசையிலும் அது அதே நீளம்தான். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழிப் பயிற்சி தரும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. டச்சு, ஸ்வீடிஷ் போன்ற மொழிகளுக்கு அது ஒதுக்குவது ஏறத்தாழ 24 வாரம். தமிழுக்கு 44 வாரம். அதுவும் முழுநேரப் படிப்பு, அரசாங்கச் சம்பளத்தோடு. நம் பள்ளிகளில் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதிப் படித்துவிட்டு, வரவில்லையே என்று ஒருவர் வெட்கப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆக, சிரமத்தில் ஒரு பகுதி தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலான தூரம். இன்னொரு பகுதி, ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தையையும் சேர்த்துப் பாடுபடுத்துவது. இந்த இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

## எழுத்து நின்றது, பேச்சு நடந்தது

நாம் ‘வந்துவிட்டான்’ என்று எழுதுகிறோம், ‘வந்துட்டான்’ என்று பேசுகிறோம். இரண்டும் வேறு வேறு என்பது நமக்குத் தெரியும். எழுதியதை வாசிக்கச் சொன்னால் ‘வந்துவிட்டான்’ என்றே வாசிப்போம். இப்போது ஒரு கற்பனை. எழுதியதையும் ‘வந்துட்டான்’ என்றுதான் வாசிக்க வேண்டும் என்று வழக்கம் மாறிவிட்டது. ஐந்நூறு ஆண்டு கழித்து ஒரு குழந்தை, நடுவில் ‘வி’ எதற்கு என்று கேட்கிறது. ஆசிரியர் சொல்கிறார்: ‘அது சைலண்ட் லெட்டர் கண்ணு, எழுதணும், ஆனா சொல்லக் கூடாது.’

ஆங்கிலத்தில் நடந்திருப்பது ஏறக்குறைய இதுவேதான். குதிரை வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லை கே, என், ஐ, ஜி, ஹெச், டி என்று எழுதுகிறார்கள். கே எதற்கு, ஜி-யும் ஹெச்-சும் எதற்கு? ஒரு காலத்தில் அவை எல்லாவற்றையும் உச்சரித்தார்கள் என்பதுதான் பதில். 14ஆம் நூற்றாண்டு லண்டன்காரர் அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட ‘க்னிக்ட்’ என்று, நடுவில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஓர் ஒலியோடு சொல்லியிருப்பார். இன்றும் ஜெர்மானியர் இரவைக் குறிக்கும் தங்கள் சொல்லில் அந்த உரசலைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் வாயிலிருந்து அது மெல்ல நழுவியது. சொல் முதலில் வந்த கே-யும் 17ஆம் நூற்றாண்டு வாக்கில் வாயைவிட்டுப் போனது. எழுத்தில் மட்டும் இரண்டும் தங்கிவிட்டன.

தொண்டை உரசல் எல்லாச் சொல்லிலும் ஒரே மாதிரிப் போகவில்லை என்பதுதான் கூடுதல் வம்பு. சிலவற்றில் சுவடில்லாமல் மறைந்தது, சிலவற்றில் ‘ஃப்’ ஆகிவிட்டது. ‘த்ரூ’, ‘தோ’, ‘தாட்’, ‘டஃப்’, ‘காஃப்’ ஆகிய ஐந்து சொற்களிலும் ஓ, யூ, ஜி, ஹெச் என்ற அதே நான்கு எழுத்துகள் வரிசையாக இருப்பதும், ஐந்தும் ஐந்து விதமாக ஒலிப்பதும் இதனால்தான்.

சரி, பேச்சு மாறியபோது எழுத்தையும் மாற்றியிருக்கலாமே? அந்த நேரம் பார்த்து அச்சு வந்துவிட்டது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். அதுவரை, ஏட்டைப் படி எடுப்பவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்றபடி எழுதிவந்தார்கள். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகத் தொடங்கியது. காக்ஸ்டன் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் இருந்துவிட்டு வந்தவர். பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என்ற சொல்லில் இன்று தேவையில்லாமல் நிற்கும் ஹெச், அந்தப் பக்கத்து எழுத்து வழக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்று கருதுகிறார்கள்.

எழுத்து இறுகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் பேச்சு மிகப் பெரிய மாற்றத்தில் இருந்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் எல்லாமே இடம் பெயர்ந்தன. இதற்கு ‘உயிரொலிப் பெருமாற்றம்’ என்று பெயர். ஓட்டோ யெஸ்பெர்சன் என்ற டென்மார்க் அறிஞர் வைத்த பெயர் அது. நாம் ‘ஆ’ என்று சொல்லும்போது நாக்கு கீழே கிடக்கிறது, ‘ஏ’ என்றால் கொஞ்சம் ஏறுகிறது, ‘ஈ’ என்றால் அண்ணத்தை நெருங்குகிறது. சொல்லிப் பாருங்கள், தெரியும். ஆங்கிலேயரின் நெடில்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஏணியில் மேலே ஏறின. ‘நாமெ’ என்று ஒலித்த சொல் ‘நேம்’ ஆனது. ‘ஃபேட்’ என்றிருந்த பாதங்கள் ‘ஃபீட்’ ஆயின. ஏற்கெனவே உச்சியில் இருந்த ‘ஈ’-க்கு மேலே போக இடமில்லை, அது ‘ஐ’ என்று பிளந்தது. ‘டீமெ’ இப்படித்தான் ‘டைம்’ ஆனது. ‘ஹூஸ்’ என்றிருந்த வீடு ‘ஹவுஸ்’ ஆனதும் இதே கதைதான்.

இந்த மாற்றத்தின் தடயத்தை ஒன்றாம் வகுப்பிலேயே பார்க்கலாம். ஆங்கில அரிச்சுவடியின் முதல் எழுத்தை ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘ஆ’ என்றுதான் அழைக்கிறார்கள். ஆங்கிலேயர் மட்டும் ‘ஏ’ என்கிறார்கள். மற்றவர்கள் ‘ஏ’ என்று அழைக்கும் எழுத்து ஆங்கிலத்தில் ‘ஈ’, மற்றவர்களின் ‘ஈ’ ஆங்கிலத்தில் ‘ஐ’. எழுத்துகளின் பெயர்களே அந்த ஏணியில் ஏறிப் போயிருக்கின்றன.

இதோடு படித்தவர்கள் செய்த வேலையும் சேர்ந்தது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீனில் அதன் மூலச்சொல்லில் பி இருக்கிறதே என்று அறிஞர்கள் பார்த்துச் செருகினார்கள். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’-டில் உள்ள எஸ்-ஸும் இப்படி நுழைந்ததுதான். அந்தச் சொல் பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோடு அதற்கு உறவே இல்லை. லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லின் சாயலில் எஸ்-ஐ வைத்துவிட்டார்கள். அதற்கு விலை கொடுப்பது அடுத்தடுத்த தலைமுறைக் குழந்தைகள்.

சுருக்கமாக: ஆங்கில எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதன் பதிவு. இன்றைய உச்சரிப்பை அதில் தேடினால் கிடைக்காது.

## சொல் எங்கிருந்து வந்தது?

இன்னொரு குழப்பம், ஆங்கிலம் ஒரே ஊற்றிலிருந்து வந்ததல்ல என்பதால் வருவது. 5ஆம் நூற்றாண்டில் இன்றைய டென்மார்க், வட ஜெர்மனி பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேச்சு அதன் அடித்தளம். பிறகு வைக்கிங்குகள் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகள் வந்தார்கள். முட்டை, வானம், ‘அவர்கள்’ ஆகியவற்றுக்கு இன்று ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் அவர்கள் விட்டுச்சென்றவை. 1066இல் வட பிரான்சில் உள்ள நார்மண்டியின் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீனும் கிரேக்கமும் மொத்தமாக வந்து இறங்கின.

கேட்பதற்கு ‘ஆஸ்க்’ என்ற மண்ணின் சொல், ‘கொஸ்டின்’ என்ற பிரெஞ்சு வழிச் சொல், ‘இன்டராகேட்’ என்ற லத்தீன் சொல் என மூன்று அடுக்கு இருப்பது இதனால்தான். நண்பரிடம் ‘ஆஸ்க்’ செய்யலாம், போலீஸ்தான் ‘இன்டராகேட்’ செய்யும். சொல் தெரிந்தால் போதாது, எந்த அடுக்கைச் சேர்ந்தது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

வந்த சொற்கள் பல, தங்கள் பிறந்த ஊர் எழுத்தோடேயே வந்தன. சி-யும் ஹெச்-சும் சேர்ந்தால் என்ன ஒலி? ‘சர்ச்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லில் ‘ச்’. ‘ஷெஃப்’ என்ற பிரெஞ்சுச் சொல்லில் ‘ஷ்’. ‘கோரஸ்’, ‘ஸ்கூல்’, ‘கெமிஸ்ட்ரி’ போன்று கிரேக்க வேர் கொண்டவற்றில் ‘க்’. ராணுவ அதிகாரியான ‘கர்னல்’ இன்னும் விசித்திரம். இத்தாலிய வடிவத்தில் எல் உண்டு, பிரெஞ்சு வழியாக வந்தபோது அது ஆர் ஒலியாக மாறியிருந்தது. ஆங்கிலேயர் எழுத்தை இத்தாலியிலிருந்தும் உச்சரிப்பை மற்றதிலிருந்தும் வைத்துக்கொண்டார்கள். நாம் தமிழில் ‘கர்னல்’ என்று காதால் கேட்டபடி எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

அமெரிக்காவில் 1925 முதல் நடக்கும் ஸ்கிரிப்ஸ் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். சொல்லைக் கேட்டதும் போட்டியாளர் குழந்தை ஒரு கேள்வி கேட்கும்: ‘இது எந்த மொழியிலிருந்து வந்தது?’ நேரத்தைக் கடத்தக் கேட்கும் கேள்வி அல்ல அது. மூல மொழி தெரிந்தால் எழுத்துகளைப் பெருமளவு ஊகித்துவிடலாம். 1985இல் அந்தப் போட்டியில் பாலு நடராஜன் வென்றார், இந்திய வம்சாவளியில் அவர்தான் முதல்வர். அவர் கடைசியாகச் சரியாகச் சொன்ன ‘மில்யூ’ ஒரு பிரெஞ்சுச் சொல்.

## விதியே இல்லையா?

ஆங்கிலத்தைக் கிறுக்கு மொழி என்பவர்கள் எடுத்துக்காட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. ஜி, ஹெச், ஓ, டி, ஐ என்று எழுதிவிட்டு, இதை ‘ஃபிஷ்’ என்று வாசிக்கலாம் என்பார்கள். ‘டஃப்’ சொல்லின் ஜி-ஹெச் ‘ஃப்’ ஆகிறது, பெண்களைக் குறிக்கும் ‘விமன்’ சொல்லின் ஓ ‘இ’ ஆகிறது, ‘நேஷன்’ சொல்லின் டி-ஐ ‘ஷ்’ ஆகிறது, ஆக மொத்தம் ‘ஃபிஷ்’! இதைக் கண்டுபிடித்தவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா என்றும் சொல்வார்கள். ஷா பிறந்தது 1856இல். இந்த வேடிக்கை 1855இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே இருக்கிறது.

ஆசிரியர் யார் என்பதைவிட, வாதமே நிற்காது என்பதுதான் முக்கியம். ஜி-யும் ஹெச்-சும் சொல்லின் முதலில் வந்தால் ‘ஃப்’ என்று ஒலிப்பதே இல்லை, எப்போதும் ‘க’தான். டி-ஐ என்பது ‘ஷ்’ ஆக வேண்டுமானால் பின்னால் இன்னோர் உயிரெழுத்து வர வேண்டும், கடைசியில் நிற்கும்போது ஆகாது. ஆங்கிலம் தெரிந்த யாரிடம் காட்டினாலும் ‘கோட்டி’ என்றுதான் வாசிப்பார். விதி இருக்கிறது, அது இடத்தைப் பொறுத்த விதி.

இடத்தைப் பொறுத்த விதி நமக்குப் புதிதல்ல. தமிழில் எழுதியபடியே வாசிக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ‘கல்’, ‘அகம்’, ‘தங்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. சொல் முதலில் வன்மையாக, உயிர்களுக்கு நடுவே நெகிழ்ந்து, மெல்லினத்துக்குப் பின் அதிர்வோடு. நமக்கு இது தானாக வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழின் இட விதிகள் குறைவு, கிட்டத்தட்ட எல்லாத் தமிழ்ச் சொல்லுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அவை ஏராளம், ஒவ்வோர் அடுக்குக்கும் வேறு, விதிவிலக்கும் அதிகம். இருபத்தாறே எழுத்துகள், அவற்றில் ஐந்து மட்டும் உயிர். உயிரொலிகளோ பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஏறத்தாழ இருபது. நெருக்கடி அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில், பிற நாட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் ஓராண்டில் எட்டிவிடும் அடிப்படை வாசிப்பை ஆங்கிலக் குழந்தைகள் எட்ட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆவதாகத் தெரியவந்தது.

திருத்திவிடலாமே என்று கேட்கலாம். 1978இல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டு ணை, லை, றா, னா போன்ற எழுத்து வடிவங்களைச் சீராக்கியது. ஆங்கிலத்துக்கு அப்படி ஆணை போடும் இடம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தன் அகராதி வழியாக, ‘கலர்’ போன்ற சொற்களில் யூ-வை எடுத்தது மாதிரிச் சில மாற்றங்களைச் செய்தார், அதோடு சரி. ஒலிப்படி எழுதுவதென்றால் யாருடைய ஒலிப்படி? ஸ்காட்லாந்துக்காரரும் டெக்சாஸ்காரரும் சென்னைக்காரரும் ஒரே சொல்லை வெவ்வேறாகச் சொல்கிறார்கள், இன்றைக்கு எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடிகிறது. ஒலிக்காத எழுத்தும் சில இடங்களில் உறவைக் காட்டுகிறது. ‘சைன்’ என்பதில் ஜி சும்மா இருக்கிறது, அதே குடும்பத்து ‘சிக்னேச்சர்’ சொல்லில் வாய் திறக்கிறது.

சுருக்கமாக: விதிகள் உண்டு. அவை பல அடுக்குகளாக, இடத்தைப் பொறுத்து, சொல்லின் பூர்வீகத்தைப் பொறுத்து இயங்குகின்றன.

## காதுக்குப் பிடிபடாத அழுத்தம்

இதுவரை சொன்னது எல்லாருக்கும் பொதுவான சிரமம். தமிழ் பேசுபவரை நிஜமாகவே தடுக்கி விழ வைப்பது வேறொன்று, அதைப் பள்ளியில் பெரும்பாலும் சொல்லியே தருவதில்லை. அதன் பெயர் அழுத்தம். ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் கூடுதல் பலத்தோடும் நீளத்தோடும் சொல்வதே அழுத்தம்.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. எந்த அசையையும் அதன் பங்கைக் கொடுத்துச் சொல்கிறோம். அழுத்தத்தை இடம் மாற்றினால் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். ‘ரெக்கார்ட்’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் பதிவு என்ற பெயர்ச்சொல், இரண்டாவதை அழுத்தினால் பதிவுசெய்வது என்ற வினை.

அழுத்தம் விழாத அசைகளுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவை சுருங்கி, மங்கி, எந்த உயிர் என்றே சொல்ல முடியாத ஓர் அரைகுறை ஒலியாகின்றன. இந்த மங்கிய ஒலிக்கு ‘ஷ்வா’ என்று பெயர். ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிரொலி அதுதான். அதற்கென்று தனி எழுத்தே கிடையாது. ‘பனானா’ என்ற சொல்லில் ஏ என்ற எழுத்து மூன்று முறை வருகிறது. நடுவில் உள்ளது மட்டும் முழுதாக ஒலிக்கும், மற்ற இரண்டும் ஷ்வா.

அயல் சரக்கு மாதிரித் தெரிந்தாலும் இதற்கு ஓர் உறவுக்காரர் நம் இலக்கணத்தில் இருக்கிறார். ‘நடு’ என்று சொல்லுங்கள், பிறகு ‘நாடு’ என்று சொல்லுங்கள். இரண்டாவதில் கடைசி உகரம் உதடு குவியாமல் பாதியாகக் குறைகிறது. குற்றியலுகரம், அரை மாத்திரை. அந்தக் குறுக்கத்தை உகரத்துக்கு மட்டுமல்லாமல் எல்லா உயிருக்கும், சொல்லின் எந்த இடத்திலும் செய்வதாக நினைத்துக்கொண்டால், ஆங்கிலப் பேச்சின் நடை பிடிபடத் தொடங்கும். பள்ளியிலேயே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனை பேருக்கு எவ்வளவு எளிதாகியிருக்கும்!

அழுத்தம் நகர்ந்தால் எந்த உயிர் முழுதாக ஒலிக்கிறது என்பதும் நகரும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசைக்கு அழுத்தம். படம் எடுப்பவரைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. அது ஏறக்குறைய ‘ஃபட்டாக்ரஃபர்’ என்று ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து ‘ஃபோட்டோகிராஃபர்’ என்று நான்கு அசைக்கும் சமமாகப் பங்கு போட்டுச் சொல்கிறவருக்கும், அதைக் கேட்கும் லண்டன்காரருக்கும் இடையே ஒரு நொடி இடறுகிறது.

படத்தில் வெள்ளைக்காரர்கள் வேகமாகப் பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை என்று சொல்வோமே, காரணம் வேகம் மட்டுமல்ல. ‘அண்ட்’, ‘ஆஃப்’, ‘டு’, ‘ஃபார்’, ‘கேன்’ போன்ற சின்னச் சொற்களை அவர்கள் பெரும்பாலும் முழுதாகச் சொல்வதே இல்லை. ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ என்பது ‘ஃபிஷ்ன்சிப்ஸ்’. ‘ஐ கேன் கோ’ என்பதில் ‘கேன்’ வெறும் ‘க்ன்’ ஆகிவிடும். இல்லை என்று சொல்லும் ‘கேன்ட்’ மட்டுமே முழு ஒலியோடு வரும். நாம் ‘என்னால் போக முடியும்’ என்று சொல்ல நினைத்து ‘கேன்’-ஐ அழுத்திச் சொன்னால், அமெரிக்கர் காதில் அது ‘முடியாது’ என்று விழக்கூடும். கிராமரில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பொருள் தலைகீழாகப் போய்ச் சேருகிறது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எல்லா அசையையும் சமமாகச் சொல்லும் இந்திய ஆங்கிலம் குறைபாடுள்ள ஆங்கிலம் அல்ல. கோடிக்கணக்கானவர்கள் அதில் வேலை செய்கிறார்கள், வழக்காடுகிறார்கள், பாடம் நடத்துகிறார்கள். யாரும் லண்டன்காரர்போல் பேசிக்காட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ள, அழுத்தம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

‘இஸ்கூல்’, ‘பஸ்ஸு’ என்று சொல்பவரைக் கேலி செய்யும் பழக்கமும் நமக்கு வேண்டாம். தமிழ்ச் சொல் ஒற்றெழுத்தில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. மொழி முதலும் மொழி இறுதியும் பற்றி நன்னூல் சொல்லும் விதியைத்தான் அந்த நாக்கு காப்பாற்றுகிறது.

## சின்னச் சொற்களின் தொல்லை

‘எ’, ‘தி’ என்ற இரண்டு சொற்களை எங்கே போடுவது என்பது பல ஆண்டு பழகியவர்களுக்கும் தீராத சந்தேகம். தமிழில் இப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அது முழு உண்மையல்ல. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் இருவரும் அறிந்த, முன்பே பேசிய ஒன்று. ஆங்கிலம் ‘எ’, ‘தி’ கொண்டு செய்யும் வேலையை, உயிரற்ற பொருள்களில் நம் இரண்டாம் வேற்றுமை உருபு அமைதியாகச் செய்துகொண்டிருக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து ‘ஐ’ வருகிறதா என்று கவனித்தால், பல இடங்களில் ‘தி’ எங்கே என்பது தெரிந்துவிடும். எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. இமயமலைத் தொடருக்குத் ‘தி’ உண்டு, எவரெஸ்டுக்குக் கிடையாது. இவற்றைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும் ஓடுவது பூனைதான். உருபு காப்பாற்றுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இப்படி வேற்றுமைகள் இருந்தன. அவை தேய்ந்து போன பிறகு, யார் துரத்தினார் என்று சொல்லும் பொறுப்பு சொற்களின் வரிசைக்குப் போய்விட்டது. வரிசை மாறினால் பூனை நாயைத் துரத்தும். தமிழில் வாக்கியத்தை யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொற்களை மாற்றிப் போடுகிறவர் திணறுவது இங்கேதான். நம் வினை கடைசியில் வரும், அவர்கள் வினை நடுவிலேயே வந்துவிடும்.

அப்புறம், ‘புட்’ என்ற எளிய வினை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் அவுட்’ என்றால் அணை, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். இதென்ன அநியாயம் என்று தோன்றும். சொல்லிக்கொடு, சொல்லிவை, சொல்லிப்பார், சொல்லித்தொலை என்பவற்றை ஒரு வெளிநாட்டவருக்கு விளக்கிப் பாருங்கள். கொடுப்பதற்கும் கற்பிப்பதற்கும் என்ன உறவு என்று அவர் கேட்பார். இரண்டு மொழியிலும் இவற்றைப் பிரித்துப் பொருள் தேட முடியாது, மொத்தமாக ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒழுங்கற்ற வினைகள் பற்றி ஒரே ஒரு சொல். ‘கோ’ ஏன் ‘வென்ட்’ ஆகிறது, ‘டேக்’ ஏன் ‘டுக்’ ஆகிறது என்று தவிக்க வேண்டாம். இவை தினமும் நூறு முறை புழங்குபவை, அதனாலேயே பழைய வடிவத்தை விடாமல் வைத்திருக்கின்றன. அடிக்கடி வருவதால் பழகவும் எளிது.

## இனி எப்படிப் படிக்கலாம்?

நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றோம், அதுவும் எழுத்தை நம்பும் தமிழ்க் கண்ணால். அதனால்தான் ‘பிளமர்’ நமக்கு ‘பிளம்பர்’, ‘கபர்ட்’ நமக்கு ‘கப்போர்டு’, ‘வென்ஸ்டே’ நமக்கு ‘வெட்னஸ்டே’. மாற்ற வேண்டியது வரிசையைத்தான்: புதிய சொல் ஒன்று வந்தால் முதலில் காதால் கேளுங்கள், பிறகு எழுத்தைப் பாருங்கள். செல்போனில் உள்ள பெரும்பாலான அகராதிகளில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரிப்பு கேட்கும். பக்கத்தில் உள்ள உச்சரிப்புக் குறியீட்டில், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். ஆங்கிலச் சிறிய ‘ஈ’ எழுத்து தலைகீழாகத் திரும்பி இருந்தால் அங்கே ஷ்வா. இந்த இரண்டு குறிகளை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும், மற்றவை பிறகு.

அழுத்தத்தைப் பழக நல்ல தொடக்கம் எண்கள். பதின்மூன்றைச் சொல்லும் ‘தேர்ட்டீன்’ என்பதில் இரண்டாம் அசைக்கு அழுத்தம், முப்பதைச் சொல்லும் ‘தேர்ட்டி’ என்பதில் முதல் அசைக்கு. 13–30 தொடங்கி 19–90 வரை இப்படி ஏழு ஜோடிகள். போனில் ஒருவருக்குத் தொகையோ கதவு எண்ணோ சொல்லும்போது, கடைசி மெய் காதில் விழாவிட்டாலும் அழுத்தம் விழுந்த இடத்தை வைத்தே அவர் சரியாகப் புரிந்துகொள்வார். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, அந்தப் பதினான்கு எண்களையும் கலைத்துச் சொல்லி, கேட்டபடி எழுதச் சொல்லிப் பாருங்கள்.